டிஜிட்டல் ஸ்லைடு: ஒரு கோப்பைத் திறந்து பார்த்தால்

பயாப்சி முடிவு எழுதும் நோயியல் மருத்துவரின் கைக்கு வருவது ஒரு கண்ணாடி ஸ்லைடு. நீளம் 75 மில்லிமீட்டர், அகலம் 25 மில்லிமீட்டர். அதன் மேல் 3 முதல் 5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவி, சாயமேற்றிய திசு. திசுவுக்கு மேல் கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் தகடு. நூறாண்டுக்கும் மேலாக இதை நுண்ணோக்கியில் வைத்துத்தான் பார்த்து வந்தார்கள். இப்போது ஸ்லைடு முழுவதையும் ஸ்கேனர் ஒன்று படமாக்கித் தருகிறது. அந்தப் படத்தைக் கணினித் திரையில் நகர்த்தலாம், பெரிதாக்கலாம், வேறு ஊரில் இருப்பவருக்கும் காட்டலாம். ஸ்கேன் செய்த படத்துக்கு டிஜிட்டல் ஸ்லைடு என்று பெயர். அதைத் திரையில் நுண்ணோக்கி போலப் பயன்படுத்துவது மெய்நிகர் நுண்ணோக்கி.

நுண்ணோக்கியின் ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில், கைபேசியை வைத்து எடுக்கும் படத்தையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். கைபேசிப் படத்தில் இருப்பது ஒரே ஒரு பார்வைப்புலம். அனுப்புபவர் எதைத் தேர்ந்தெடுத்தாரோ அதை மட்டுமே மறுமுனையில் இருப்பவர் பார்க்க முடியும். அனுப்புபவர் கவனிக்கத் தவறியது படத்தில் இருக்கவே இருக்காது. டிஜிட்டல் ஸ்லைடில் திசு முழுவதும் இருப்பதால், எங்கே பார்ப்பது என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்கிறார். இரண்டாவது கருத்து கேட்கும்போது இந்த வேறுபாடு நோயைக் கண்டுபிடிப்பதற்கும் தவறவிடுவதற்கும் இடையில் நிற்கும்.

தொலைவிலிருந்து ஸ்லைடு பார்க்கும் ஆசை பழையது. 1968இல் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் இருந்த மருத்துவ நிலையத்திலிருந்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு ரத்தப் படலங்களின் கறுப்பு வெள்ளைக் காட்சியைத் தொலைக்காட்சி இணைப்பு வழியே அனுப்பினார்கள். 1986இல் ரொனால்ட் வைன்ஸ்டைன் இந்த முறைக்கு டெலிபத்தாலஜி என்று பெயர் வைத்தார். ஸ்லைடு முழுவதையும் ஸ்கேன் செய்யும் கருவிகள் 1990களின் இறுதியில்தான் உருப்பெற்றன. முதல்நிலை நோயறிதலுக்கே, அதாவது திரையைப் பார்த்தே முதல் முடிவை எழுத, இவற்றைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி, அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் எஃப்டிஏவிடமிருந்து 2017 ஏப்ரலில் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் அமைப்புக்கு முதன்முதலாகக் கிடைத்தது.

வரலாறு இவ்வளவு போதும். இதைப் புரிந்துகொள்ள நல்ல வழி, உண்மையான ஒரு கோப்பை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஓப்பன்ஸ்லைடு என்ற இலவச மென்பொருளின் தளத்தில் மாதிரிக் கோப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் சிஎம்யூ-1. அப்பீரியோ ஸ்கேனரில் 2009இல் எடுத்தது, எஸ்விஎஸ் வடிவக் கோப்பு, அளவு ஏறத்தாழ 170 எம்பி. க்யூபாத் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் இடப்பக்கத்தில் படத்தின் விவரங்கள் வரிசையாக வரும். இனி வரும் கணக்குகள் பெரும்பாலும் இந்தக் கோப்பிலிருந்து.

படத்தின் அகலம் 46,000 பிக்சல், உயரம் 32,914 பிக்சல். பெருக்கினால் 151 கோடி பிக்சல். கூடவே இன்னொரு எண் இருக்கும்: ஒரு பிக்சலுக்கு 0.499 மைக்ரான். டிஜிட்டல் ஸ்லைடில் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான். கண்ணாடியின் மேல் அரை மைக்ரான் இடம் திரையில் ஒரு பிக்சலாகிறது என்று பொருள். 46,000ஐ 0.499ஆல் பெருக்கினால் ஸ்கேன் செய்த பகுதியின் அகலம் சுமார் 23 மில்லிமீட்டர் என்று வரும். உயரம் சுமார் 16.4 மில்லிமீட்டர். திசுவில் எதையும் அளக்க, எண்ண, பரப்பு கணக்கிட மென்பொருள் நம்பியிருப்பது இந்த ஒரு எண்ணைத்தான். படத்தை ஏதோ ஒரு செயலியில் திறந்து சாதாரணப் படமாகச் சேமித்தால் இந்த எண் தொலைந்துவிடும். அதன் பிறகு அந்தப் படத்தில் அளவுகோல் இல்லை.

கோப்பின் விவரத்தில் 20 எக்ஸ் என்றும் இருக்கும். புதியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். இது ஆப்ஜெக்டிவின், அதாவது ஸ்லைடுக்கு அருகில் இருக்கும் லென்ஸின், உருப்பெருக்கம். திரையில் நீங்கள் காணும் உருப்பெருக்கம் வேறு. சாதாரண 24 அங்குல முழு எச்டி திரையில் ஒரு பிக்சலின் அளவு சுமார் 0.275 மில்லிமீட்டர். அதை 0.499 மைக்ரானால் வகுத்தால் 550 மடங்கு. நுண்ணோக்கியிலோ 20 எக்ஸ் ஆப்ஜெக்டிவும் 10 எக்ஸ் ஐபீஸும் சேர்ந்து 200 மடங்குதான். வேறுபாடு பெரிதாகத் தெரிந்தாலும், உருப்பெருக்கத்தைக் கணக்கிடுவது 25 சென்டிமீட்டர் தூரத்தை வைத்து. திரையை நாம் பார்ப்பது சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து. அதைச் சரிசெய்தால் 550 என்பது 230 ஆகிவிடும், அதாவது நுண்ணோக்கிக்கு அருகில். திரை மாறினால் இந்தக் கணக்கும் மாறும். ஆகவே இரண்டு ஸ்கேனர்களை ஒப்பிடும்போது எக்ஸ் எண்ணை விட்டுவிட்டு மைக்ரான் கணக்கைக் கேளுங்கள். வழக்கமாக 20 எக்ஸ் என்றால் பிக்சலுக்கு 0.5 மைக்ரான், 40 எக்ஸ் என்றால் 0.25 மைக்ரான்.

அதற்காகப் பிக்சலைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் நுணுக்கமும் கூடிக்கொண்டே போகாது. எவ்வளவு நுணுக்கம் பதியும் என்பதை ஆப்ஜெக்டிவ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதைச் சொல்லும் என்ஏ என்ற எண் முடிவு செய்கிறது. ஸ்கேனர்களில் பெரிதும் பயன்படும் ஆப்ஜெக்டிவில் அது 0.75. பச்சை ஒளியில் இதனால் பிரித்துக் காட்ட முடிகிற மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.45 மைக்ரான். அதைப் பதிவு செய்ய அதில் பாதி அளவு பிக்சல் தேவை, அதாவது 0.22 மைக்ரான் அளவில். 0.25 மைக்ரான் ஸ்கேன் அதற்கு மிக அருகில் வந்துவிடுகிறது. அதே ஆப்ஜெக்டிவை வைத்துக்கொண்டு 0.12 மைக்ரான் என்று யாராவது விளம்பரம் செய்தால், கோப்பு நான்கு மடங்கு பெருக்கும். புதிதாக எதுவும் தெரியாது.

ஸ்கேனருக்குள் நடப்பது

முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் ஸ்லைடு முழுவதற்கும் ஒரு படம் எடுக்கும். லேபிளில் உள்ள பார்கோடைப் படித்து, இது எந்த நோயாளியின் எந்த பிளாக் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) என்று ஆய்வக மென்பொருளோடு பொருத்தும். பிறகு அந்தப் படத்தில் திசு எங்கே, வெறும் கண்ணாடி எங்கே என்று நிறத்தை வைத்துப் பிரித்து, திசு இருக்கும் இடத்தை மட்டும் ஸ்கேன் செய்யும்.

பெரிய அபாயம் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. வழக்கமான எச் அண்ட் இ (ஹீமாடாக்சிலின், இயோசின்) சாயத்தில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகத் தெரியும் திசுவைக் கருவி எளிதில் பிடித்துவிடும். மார்பகத் திசுவில் உள்ள கொழுப்பும், சளி தேங்கிய பகுதியும், குறிப்பிட்ட புரதத்தை மட்டும் நிறமேற்றிக் காட்டும் ஐஎச்சி முறையில் வெளிறி வந்த ஸ்லைடும், ஊசி பயாப்சியில் ஓரமாக ஒதுங்கிய சிறு துணுக்கும் வெறும் கண்ணாடி என்று கணக்காகிவிடலாம். ஸ்கேன் ஆகாத இடம் திரையில் வெள்ளையாக இருக்கும், எச்சரிக்கை எதுவும் வராது. படம் தெளிவாக இருப்பதால் பார்ப்பவருக்குச் சந்தேகமும் எழாது. ஆகவே ஒவ்வொரு ஸ்லைடிலும் முதல் வேலை, அந்த முழுப் படத்தையும் ஸ்கேன் செய்த பகுதியையும் பக்கத்தில் வைத்து, எல்லாத் துணுக்கும் வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்ப்பது. பத்து விநாடி வேலை. இதைச் செய்யாத ஆய்வகத்தில் மற்ற எல்லாத் தரக்கட்டுப்பாடும் வீண் என்றே சொல்வேன்.

அடுத்தது ஃபோகஸ். என்ஏ 0.75 ஆப்ஜெக்டிவில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 1 மைக்ரான். திசுவோ 3, 4 மைக்ரான் தடிமன். கண்ணாடியும் முழுச் சமதளம் கிடையாது. எனவே ஸ்கேனர் திசுவின் மேல் பல புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஆப்ஜெக்டிவை மேலும் கீழும் நகர்த்தி, எந்த உயரத்தில் விளிம்புகள் கூர்மையாகத் தெரிகின்றன என்று குறித்துக்கொள்ளும். அந்த உயரங்களை இணைத்து ஒரு வளைபரப்பை உருவாக்கி, ஸ்கேன் செய்யும்போது அதைப் பின்பற்றும். சில கருவிகள் இரண்டாவது கேமரா ஒன்றை வைத்து ஓட்டத்திலேயே ஃபோகஸைத் திருத்திக்கொள்ளும். ஒரு புள்ளி கவர்ஸ்லிப்பின் மேல் கிடக்கும் தூசியில் விழுந்தால், கருவி தூசியைக் கூர்மையாகக் காட்டும், அதன் அடியில் 170 மைக்ரான் கீழே இருக்கும் திசு மங்கிவிடும். ஸ்லைடில் ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும். கவர்ஸ்லிப்பைத் துடைத்துவிட்டு, அல்லது அந்தப் புள்ளியைக் கையால் நகர்த்திவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தால் சரியாகும்.

பிறகு படமெடுப்பு. சில கருவிகள் சதுரம் சதுரமாக எடுத்து ஒட்டும். சில கருவிகள் நீள் பட்டைகளாக ஓடி எடுத்து ஒட்டும். சிஎம்யூ-1 கோப்பு இரண்டாவது வகை. அதன் விவரக் குறிப்பில் பட்டையின் அகலம் 2,040 பிக்சல் என்றும், ஓரம் வெட்டுவதற்கு முன் படத்தின் அகலம் 46,920 என்றும் இருக்கிறது. வகுத்தால் மிச்சமில்லாமல் 23. ஆக ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலமுள்ள 23 பட்டைகள். ஸ்கேனர் வைத்த மேசையிலேயே வேகமாகச் சுழன்று அதிரும் சென்ட்ரிஃபியூஜும் ஓடினால், பட்டைகள் சேரும் இடத்தில் உட்கரு பாதியாக வெட்டுண்டு விலகி நிற்கும். ஒளி சீராக இல்லாவிட்டால் பட்டைகளின் எல்லை கோடு கோடாகத் தெரியும். முதலாவதற்குக் கனமான தனி மேசை. இரண்டாவதற்குக் காலி ஸ்லைடு வைத்து ஒளியைச் சீரமைக்க வேண்டும்.

குறை பெரும்பாலும் கண்ணாடியில்

ஸ்கேனரைக் குறை சொல்லும் முன் ஸ்லைடை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுண்ணோக்கியில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் ஃபோகஸ் திருகைச் சற்றே திருப்பித் திசு மடிப்பைக் கடந்துவிடுவார், குமிழியைத் தள்ளிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். அந்தச் சமாளிப்பு எதுவும் கருவிக்குத் தெரியாது. மைக்ரோடோமில் சீவும்போது விழுந்த மடிப்பு ஸ்கேனில் தன்னைச் சுற்றியும் ஒரு மங்கல் வட்டத்தை உண்டாக்கும். பிளேடு பழசானால் விழும் கோடுகள் அப்படியே பதியும். 6 மைக்ரானுக்குத் தடித்துப்போன சீவலில் உட்கருக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். எந்த உயரத்தில் ஃபோகஸ் செய்தாலும் பாதி மங்கும்.

கவர்ஸ்லிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆப்ஜெக்டிவ்கள் 0.17 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கணக்கிட்டுச் செய்தவை. அவசரத்தில் இரண்டு கவர்ஸ்லிப் ஒட்டிக்கொண்டே போய்விடுவது எந்த ஆய்வகத்திலும் நடப்பதுதான். கவர்ஸ்லிப்பை ஒட்டும் பிசினான டிபிஎக்ஸைத் தாராளமாக விட்டாலும் இதே விளைவுதான். படம் முழுவதும் லேசான பனிமூட்டம் போட்டதுபோல் இருக்கும், எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் மாறாது. சைலீன் என்ற கரைப்பானில் ஊறவைத்துக் கவர்ஸ்லிப்பைக் கழற்றி மறுபடி ஒட்டினால் தீரும்.

டிபிஎக்ஸ் காயாத ஸ்லைடை ஏற்றவே கூடாது. பிசின் ஓரத்தில் கசிந்து தட்டில் ஒட்டும், கருவியின் பிடி ஸ்லைடை இழுக்கும்போது நழுவும் அல்லது உடையும். ஒரு இரவாவது காயவிடுவது நல்லது. கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் லேபிளும் கவர்ஸ்லிப்பும் கருவி நடுவில் நின்றுபோவதற்கு முதல் காரணம். பழைய ஸ்லைடுகளில் மருத்துவர் இட்ட பேனாப் புள்ளிகளைக் கருவி திசு என்று நினைத்து அங்கேயே ஃபோகஸ் செய்யும். ஸ்பிரிட் தொட்ட துணியால் அழித்துவிட்டு ஏற்றுங்கள். அழிக்கும் முன் புள்ளி எதைக் குறித்தது என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது உங்களுக்கு நல்லது.

இவ்வளவு பெரிய படம் எப்படித் திறக்கிறது?

151 கோடி பிக்சல், பிக்சலுக்கு 3 பைட். சுருக்காமல் வைத்தால் சுமார் 4.5 ஜிபி. அது 170 எம்பியில் அடங்கியதற்குக் காரணம் ஜேபெக் சுருக்கம். இந்தக் கோப்பில் ஜேபெக் தரம் 30 என்று குறித்திருக்கிறது, நன்றாகவே இறுக்கியிருக்கிறார்கள். 40 எக்ஸில் 15 மில்லிமீட்டர் சதுரத் திசுவை ஸ்கேன் செய்தால் 360 கோடி பிக்சல் வரும், சுருக்கிய பிறகும் அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரை நிற்கும். நாளுக்கு 200 ஸ்லைடு பார்க்கும் ஆய்வகம் ஸ்லைடுக்கு ஒரு ஜிபி என்று வைத்துக்கொண்டால், 300 வேலை நாளில் 60 டெராபைட். காப்பு நகலும் சேர்த்து 120. ஸ்கேனரின் விலையை மட்டும் விசாரித்துவிட்டு வருபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

கோப்பு உள்ளே சிறு சதுரங்களாக வெட்டியே சேமிக்கப்பட்டிருக்கிறது. சிஎம்யூ-1இல் ஒவ்வொரு சதுரமும் 256 பிக்சல். குறுக்கே 180, நெடுக்கே 129, மொத்தம் 23,220 சதுரங்கள். அதோடு அதே படம் நான்கில் ஒரு பங்கு அளவிலும், பதினாறில் ஒரு பங்கு அளவிலும் கூடவே இருக்கிறது. முழுத் திசுவையும் பார்க்கும்போது மிகச் சிறிய படத்தை எடுக்கும்; பெரிதாக்கும்போது பெரிய படத்தில் திரைக்குத் தேவையான சதுரங்களை மட்டும் எடுக்கும். கைபேசியில் கூகுள் வரைபடம் திறப்பதும் இதே முறைதான். முழு எச்டி திரையை நிரப்ப 50 சொச்சம் சதுரங்கள் போதும், எல்லாம் சேர்ந்து ஒரு எம்பிக்குள் அடங்கும். ஆகவே தொலைவில் இருப்பவர் ஒரு ஜிபி கோப்பைத் தரவிறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. இணைய வேகம் ஓரளவு இருந்தாலே போதும். கேட்டதற்குப் பதில் வரும் தாமதம் கூடினால்தான் நகர்த்தும்போதெல்லாம் சதுரங்கள் மங்கலாக வந்து பிறகு தெளியும், கண்ணும் களைத்துப்போகும்.

எண்ணும் வேலையில் கவனம்

இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்களை எண்ணிக் கட்டியின் தரத்தைச் சொல்லும்போது "10 ஹெச்பிஎஃப்புக்கு இத்தனை" என்று எழுதுவது பழைய வழக்கம். ஹெச்பிஎஃப் என்பது 40 எக்ஸ் ஆப்ஜெக்டிவில் தெரியும் ஒரு வட்டம். ஐபீஸின் புல எண் (ஐபீஸில் தெரியும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில்) 22 என்றால் அந்த வட்டத்தின் விட்டம் 0.55 மில்லிமீட்டர், பரப்பு 0.24 சதுர மில்லிமீட்டர். பத்து வட்டம் 2.4 சதுர மில்லிமீட்டர். திரையில் வட்டமே இல்லை. பிக்சலுக்கு 0.25 மைக்ரான் படத்தை முழு எச்டி திரையில் முழு அளவில் வைத்தால் ஒரு திரையில் தெரிவது 0.13 சதுர மில்லிமீட்டர்தான், பாதி வட்டத்துக்குக் கொஞ்சம் மேல். பத்துத் திரை எண்ணிவிட்டுப் பத்து ஹெச்பிஎஃப் என்று எழுதினால் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிடும், கட்டியின் தரமும் தவறாகக் குறையும். மென்பொருளில் 2.4 சதுர மில்லிமீட்டருக்கு ஒரு கட்டம் வரைந்து அதற்குள் எண்ண வேண்டும்.

இன்னொன்று. செல் பிரிவா, சுருங்கிச் செத்த உட்கருவா என்ற சந்தேகம் வந்தால் நுண்ணோக்கியில் கை தானாக ஃபோகஸ் திருகுக்குப் போகும். ஒரே உயரத்தில் எடுத்த ஸ்கேனில் அந்தத் திருகு கிடையாது. பல உயரங்களில் அடுக்கடுக்காக எடுக்கும் இசட்-ஸ்டாக் முறை உண்டு. ஐந்து அடுக்கு எடுத்தால் நேரமும் இடமும் ஐந்து மடங்கு. பயாப்சிக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. கருப்பை வாய்ச் செல்களைச் சோதிக்கும் பாப் ஸ்மியர், ஊசியால் செல்களை உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏசி போன்ற செல் படலங்களில் செல்கள் கொத்துக் கொத்தாக உருண்டு கிடப்பதால் அங்கே இது இல்லாமல் ஓட்டுவது கடினம்.

சிலவற்றைக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். காங்கோ ரெட் சாயத்தில், அமிலாய்டு என்ற படிவுப் புரதத்தின் ஆப்பிள் பச்சை நிறம், முனைவுற்ற ஒளியில் மட்டுமே தெரியும். பெரும்பாலான ஸ்கேனர்களில் அந்த வசதி இல்லை. ஆயில் இம்மெர்ஷனில், அதாவது ஸ்லைடில் எண்ணெய்த் துளி விட்டு 100 எக்ஸ் ஆப்ஜெக்டிவில், தேடும் காசநோய்க் கிருமி, 40 எக்ஸ் ஸ்கேனில் நம்பிச் சொல்லும்படி இருக்காது. அதனால் ஸ்கேன் செய்துவிட்டோம் என்று ஸ்லைடையும் பிளாக்கையும் எந்த ஆய்வகமும் தூக்கி எறிவதில்லை.

ஓர் ஆய்வகம் திரையைப் பார்த்தே முடிவு எழுதத் தொடங்கும் முன் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க நோயியல் மருத்துவர்களின் அமைப்பான சிஏபி 2013இல் தந்த வழிகாட்டுதலைப் பலரும் பின்பற்றுகிறார்கள். குறைந்தது 60 நோயாளிகளின் ஸ்லைடுகளை அதே மருத்துவர் ஒருமுறை கண்ணாடியிலும், குறைந்தது இரண்டு வாரம் கழித்துத் திரையிலும் பார்க்க வேண்டும். இரண்டு வார இடைவெளி, முதலில் பார்த்தது நினைவிலிருந்து மறைவதற்காக. இரண்டு முடிவுகளும் 95 சதவீதத்துக்குக் கீழே ஒத்துப்போனால் காரணத்தைத் தேட வேண்டும் என்று 2021இன் திருத்தம் சொல்கிறது. சோதனை நடக்கும்போதும் அதன் பிறகும் ஒரே திரையைப் பயன்படுத்துங்கள். மடிக்கணினியில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று இரவு ஒளி வசதியை ஓடவிட்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். ஹீமாடாக்சிலினின் நீலம் பழுப்பாகத் தெரியும், உட்கருவின் நுண்ணமைப்பும் அதோடு போகும்.

கடைசியாக, கோப்பை யாருக்காவது அனுப்பும் முன். க்யூபாத்தில் படத்தின் விவரங்களுக்குக் கீழே, இணைந்த படங்கள் என்று ஒரு சிறு பட்டியல் இருக்கும். சிஎம்யூ-1இல் அதில் மூன்று: சிறு முன்னோட்டம், ஸ்லைடின் முழுப் படம், லேபிளின் படம். உங்கள் ஆய்வகக் கோப்பிலும் லேபிள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், நோயாளியின் பெயரும் பதிவு எண்ணும் அதில் படிக்கும்படி இருக்கும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மாணவர் குழுவில் போட்டால் லேபிளும் கூடவே போகும். லேபிள் படத்தை நீக்கி ஏற்றுமதி செய்யுங்கள். ஸ்லைடின் முழுப் படத்தின் ஓரத்திலும் சில கருவிகளில் லேபிள் தெரியும் என்பதால் அதையும் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.